கிணறும் தொட்டியும்

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நம் உழவர் பெருமக்கள் களத்துமேட்டில் கண்ட பழமொழி. காற்று நம் விருப்பப்படி வீசுவதில்லை. வீசும் வேளையில் நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. நெல்லுக்கும் கம்புக்கும் சொன்ன இவ்வாசகம் இன்று நம் தறிகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பொருந்துவதாயிற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று, உடுமலை, பல்லடம் வட்டாரங்களின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. கூரைதோறும் சூரிய மின்தகடுகள் ஏறி வருகின்றன. ஆயினும் காற்று ஓய்ந்தவுடனும் பொழுது சாய்ந்தவுடனும் நம் மின் தேவை ஓய்ந்துவிடுவதில்லை. ஆகவே, தூற்றிக்கொள்வது மட்டும் போதாது. தூற்றியதைக் குதிரில் இட்டுவைக்கவும் வேண்டும்.

மின்சாரத்துக்கு ஏற்ற குதிர் எது என்பதே இக்கட்டுரையின் பொருள். நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் அங்கத்தினர்கள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை விடாமல் கேட்கின்றனர். "பாட்டரியும் சூப்பர் கப்பாசிட்டரும் சேர்ந்த புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறதாமே, வண்ணப் படங்களோடு ஏஜெண்டுகள் வந்து போகிறார்கள், சங்கம் வாங்கலாமா?" என்பதே அக்கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அது அங்கத்தினரின் பங்குத் தொகையோடு விளையாடுவதாகும். எனவே சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

பழைய நோயும் புதிய நோயும்

கொங்கு நாட்டின் தொழில் வளர்ச்சி மின்சாரத்தோடு பிணைந்தது. 1932-ஆம் ஆண்டில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே கோயமுத்தூர்ப் பகுதியில் ஆலைகள் பெருகின. ஏற்றமும் கவலையும் இருந்த கிணறுகளில் மின் பம்புகள் அமர்ந்தன. மின்சாரத்தைச் சேமிக்கும் வேலையும் நமக்குப் புதிதன்று. ஆழியாற்றுக்கு மேலே கடம்பாறையில் 1980-களின் பிற்பகுதியில் அமைந்த 400 மெகாவாட் நிலையம், தேவை குறைந்த வேளையில் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவை மிகுந்த வேளையில் அதனை இறக்கி மின்சாரம் எடுக்கிறது. நம் மாவட்டங்களின் மிகப் பெரிய பாட்டரி மலைமேல் இருக்கிறது என்று கூறின் மிகையாகாது.

2008-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகம் பட்ட மின்வெட்டுத் துன்பத்தை எவரும் மறந்திருக்க இயலாது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்கள் பல. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண், வேலைக்கு வந்தும் ஊதியமின்றித் திண்ணையில் அமர்ந்து மின்சாரத்திற்குக் காத்திருந்தாள். முதலாளிக்கு நட்டம் கணக்கில் எழுதப்பட்டது. அவளுடைய நட்டத்தை எழுத ஏடே இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின் தொகுப்பு நாட்டின் பெருந்தொகுப்போடு இணைந்தது. புதிய மின் நிலையங்களும் வந்தன. நெடிய மின்வெட்டு என்னும் அந்தப் பழைய நோய் பெரிதும் தணிந்தது.

இப்பொழுது நம்மை வாட்டுவது வேறொரு நோய். மின்சாரம் போவதில்லை; திணறுகிறது. எங்கோ ஒரு கம்பியில் மரக்கிளை உரசினாலும், பக்கத்து ஆலையில் பெரிய மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கினாலும், மின்னழுத்தம் ஒரு வினாடியோ அரை வினாடியோ தாழ்ந்து மீள்கிறது. வீட்டில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவே. ஆனால் மோட்டாரைப் பிடித்திருக்கும் காண்டாக்டர், மின்னழுத்தம் பாதியளவு குறைந்தாலே பிடியை விட்டுவிடும். இருபது நிட்டிங் இயந்திரங்கள் ஒருசேர நிற்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, அறுந்த நூலை முடிந்து, மீண்டும் ஓட்ட வேண்டும். விசைத்தறியில் நின்ற இடத்தில் துணியில் கோடு விழுகிறது. சாயப்பட்டறையிலோ, நடுவில் நின்ற தொட்டியின் நிறம் சாம்பிளோடு ஒத்துவராமல் போகும் அபாயம் உண்டு. மின்வாரியத்தின் கணக்கில் இது மின்தடையே அன்று. நம் கணக்கில் இது 'செகண்ட்ஸ்' துணி.

இரண்டு நோய்களுக்கும் மருந்து ஒன்றே என்று எண்ணுவதுதான் நாம் செய்யும் முதல் பிழை.

ஒரு சிறு கணக்கு

கணக்கின் பொருட்டு, ஒரு கூடத்தில் இருபது இயந்திரங்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் 4 கிலோவாட் இழுக்கிறது என்றும் கொள்வோம். மொத்தச் சுமை 80 கிலோவாட்.

இரண்டு வினாடித் திணறலைக் கடக்க வேண்டுமாயின் தேவைப்படும் மின்சாரம் எவ்வளவு? 80 கிலோவாட் இரண்டு வினாடிக்கு. அதாவது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிச் சுமையை ஏற்கும் வரையில் பதினைந்து வினாடி தாங்க வேண்டுமாயின் மூன்றில் ஒரு யூனிட் போதும். ஆனால் ஒரு மணி நேர மின்தடையைக் கடக்க 80 யூனிட் வேண்டும்.

முதல் வேலைக்கு வேண்டியது மிகச் சிறிய அளவு. ஆயினும் அந்தச் சிறிய அளவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முழு வேகத்தில் கொட்ட வேண்டும். இரண்டாவது வேலைக்கு வேண்டியது பேரளவு. அதனை நிதானமாகக் கொடுத்தால் போதும். முன்னது வேகத்தின் வேலை. பின்னது கொள்ளளவின் வேலை. மின்சாரப் பில்லில் நாம் காணும் கிலோவாட், யூனிட் என்னும் இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடே இது. இதனை அறிந்த அங்கத்தினரை எந்த ஏஜெண்டும் எளிதில் ஏமாற்ற முடியாது.

கிணறும் தொட்டியும்

நம் தோட்டங்களில் கிணறு உண்டு. கிணற்றடியில் தொட்டியும் உண்டு. கிணற்றில் நீர் நிறைய இருக்கும். ஆனால் ஊற்று ஊறும் வேகத்தில்தான் அது நிலையாகக் கொடுக்கும். அளவு மீறி இறைத்தால் ஊற்றுக்கண் தூர்ந்து கிணறு கெடும். தொட்டியில் கொள்ளும் நீர் குறைவு. ஆனால் மதகைத் திறந்த மாத்திரத்தில் வாய்க்கால் நிரம்பப் பாயும். எத்தனை முறை நிரப்பிக் காலி செய்தாலும் தொட்டிக்குக் கேடில்லை. பாட்டரி என்பது கிணறு. சூப்பர் கப்பாசிட்டர் என்பது தொட்டி.

பாட்டரியில் மின்சாரம் இரசாயன மாற்றமாகச் சேமிக்கப்படுகிறது. 1859-இல் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட ஈய-அமில பாட்டரியே நம் லாரிகளிலும் இன்வெர்ட்டர்களிலும் இன்றும் இருக்கிறது. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பாட்டரி, அதே எடையில் அதனைப் போலப் பன்மடங்கு மின்சாரம் கொள்ளும். ஆயினும் இரண்டிலும் நடப்பது இரசாயன வேலை. ஒவ்வொரு முறை நிரப்பிக் காலி செய்யும்போதும் உள்ளிருக்கும் தகடுகள் சிறிது தேய்கின்றன. திடீர்ச் சுமை ஏற ஏறத் தேய்மானம் மிகுகிறது.

சூப்பர் கப்பாசிட்டரில் இரசாயன மாற்றம் இல்லை. கரித்தகட்டின் மேற்பரப்பில் மின்னூட்டம் படர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வேண்டும்போது விட்டு விலகுகிறது. இவ்விதம் இரு அடுக்குகளாக மின்னூட்டம் நிற்கும் என்பதை 1853-லேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கூறினார். அதனைக் கருவியாக்கும் உரிமைப் பத்திரத்தை 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கர் என்பார் பெற்றார். சில வினாடிகளில் நிரம்பும், சில வினாடிகளில் கொட்டும், ஐந்து லட்சம் முறைக்கு மேலும் தாங்கும் என்பவை இதன் சிறப்புகள். சீனத்தின் ஷாங்காய் நகரில் 2006 முதல் இதனைக் கொண்டே ஒரு வழித்தடத்தில் பஸ்கள் ஓடின. நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் பஸ் மின்னேற்றிக்கொண்டது. இதன் குறை கொள்ளளவு. மேலே கண்ட 80 யூனிட்டைச் சூப்பர் கப்பாசிட்டரில் மட்டுமே சேமிக்க முற்பட்டால், கிலோவுக்கு 5 வாட்-மணி என்ற கணக்கில், 16 டன் எடை வேண்டும். அதே அளவு லித்தியம் பாட்டரியில் முக்கால் டன்னுக்குள் அடங்கிவிடும். மறுபுறம், பதினைந்து வினாடி வேலைக்கு நூறு கிலோவுக்கும் குறைந்த சூப்பர் கப்பாசிட்டரே போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நம் கூடங்களிலும் பம்புசெட்டுகளிலும் 'பவர் பாக்டர்' குறையாமலிருக்க மாட்டியிருக்கும் சாதாரணக் கப்பாசிட்டர் வேறு; இது வேறு. "கப்பாசிட்டர்தான் ஏற்கனவே இருக்கிறதே" என்று சொல்லும் அங்கத்தினரையும், அதையே புதுப் பெயரிட்டு விற்க வரும் வியாபாரியையும் நாம் கண்டதுண்டு.

இரண்டும் இணையும் வகை

இவ்விரண்டையும் இணைப்பதில் இரு முறைகள் உண்டு. ஒன்று, தனித்தனியே ஒரு பாட்டரி வரிசையும் ஒரு சூப்பர் கப்பாசிட்டர் வரிசையும் வைத்து, நடுவில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியை அமைப்பது. திடீர்ச் சுமையைத் தொட்டி ஏற்கும். நெடுஞ்சுமையைக் கிணறு ஏற்கும். பின்னர் கிணறே நிதானமாகத் தொட்டியை நிரப்பும். மின்மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பது பம்புசெட்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த அடியைப் பாட்டரி தாங்க வேண்டியதில்லையாதலால் அதன் ஆயுள் நீளும். பாட்டரியைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்க வேண்டிய செலவும் குறையும்.

மற்றொன்று, ஒரே கலத்தினுள் இரண்டையும் சேர்ப்பது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அரசு ஆராய்ச்சி அமைப்பு கண்ட 'அல்ட்ரா பாட்டரி' இவ்வகையினது. பழைய ஈய-அமில பாட்டரியின் எதிர்மின் தகட்டோடு கரித்தகடு ஒன்று இணைந்திருக்கும். திடீரென வரும் மின்னோட்டத்தைக் கரி வாங்கிக்கொள்வதால், ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து பாட்டரி சாவது தாமதமாகிறது. ஜப்பானின் புருகவா நிறுவனம் இதனை உற்பத்தி செய்தது. 2011-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், 500 கிலோவாட் சூரிய மின் நிலையம் ஒன்றில், மேகம் மறைக்கும்போது ஏற்படும் ஏற்றத் தாழ்வைச் சமன் செய்ய இது வைக்கப்பட்டது. லித்தியமும் கரியும் ஒரே கலத்தில் சேர்ந்த 'லித்தியம்-அயான் கப்பாசிட்டர்' என்பதும் இன்று விற்பனையில் உள்ளது.

இவையெல்லாம் கடல் கடந்த செய்தி என்று ஒதுக்க வேண்டா. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 முதல் இத்துறையிலேயே உழைத்து வருகிறது. அண்டை மாநிலத்தில், கண்ணூரில், கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் துணையோடு சூப்பர் கப்பாசிட்டர் தொழிற்சாலையை 2024 அக்டோபரில் தொடங்கியது.

மேலும் நம் விவசாய அங்கத்தினர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சூப்பர் கப்பாசிட்டரின் தகட்டுக்கு உகந்த கரிகளுள் ஒன்று தேங்காய்த் தொட்டியிலிருந்து எடுக்கப்படுவது. நன்கு பக்குவப்படுத்திய அத்தகைய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் வரும். அதாவது ஒரு சிட்டிகைக் கரிக்குள் இருபத்தைந்து சென்ட் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தில்தான் மின்னூட்டம் குடியேறுகிறது. காங்கயத்திலும் வெள்ளகோவிலிலும் கொப்பரை உடைக்கும் களங்களில் அடுப்பெரிக்கக் குவிந்துகிடக்கும் தொட்டி இதுவே. தண்ணீர் வடிகட்டும் கரியைக் காட்டிலும் பன்மடங்கு தூய்மை இதற்கு வேண்டும் என்பது உண்மை. எனினும், தொட்டியை மலிவு விலைக்குத் தள்ளிவிட்டு, கரியையும் அதனினும் விலையுயர்ந்த கருவியையும் பிறரிடம் வாங்குவோராகவே நாம் என்றும் இருந்துவிடலாகாது. தென்னை விவசாயிகளின் சங்கங்கள் காரைக்குடி நிலையத்தை அணுகி, நம் வட்டாரத் தொட்டிக் கரியைப் பரிசோதித்துத் தருமாறு கேட்பதில் செலவு சிறிது, பயன் பெரிது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா

இனிக் கேள்விக்கு வருவோம். எல்லாச் சங்கங்களும் இதனை வாங்க வேண்டும் என்பது நம் கருத்தன்று.

கைத்தறி நெசவாளர்க்கு விளக்கும் விசிறியும்தான் மின்சாரத் தேவை. இரு மாதங்களுக்கு 300 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கும் அவர்க்குச் சாதாரண இன்வெர்ட்டரும் பாட்டரியுமே போதும். கட்டணமில்லா மின்சாரத்தில் நீர் இறைக்கும் விவசாயிக்கு, மின்சாரத்தைச் சேமிப்பதைவிட நீரைத் தொட்டியில் சேமிப்பதே மலிவு.

விசைத்தறிக் கூடங்கள், நிட்டிங் கூடங்கள், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரங்கள், சாயப்பட்டறைகள் ஆகியவற்றிற்குத் திணறல் நோய் கடுமையாக இருப்பின் இது பயனுள்ள மருந்து. பால் கூட்டுறவுச் சங்கத்தின் குளிரூட்டும் தொட்டிக்கும், கோழிப்பண்ணையின் பெரிய விசிறிகளுக்கும், நெடுநேரம் தாங்கும் கிணறும் மோட்டார் தொடங்கும் அடியைத் தாங்கும் தொட்டியும் ஆகிய இரண்டுமே வேண்டும். அங்கேதான் கூட்டுக் கருவியின் முழுப் பயன் தெரியும். திணறல் மட்டுமே நோயாக இருப்பின், சூப்பர் கப்பாசிட்டர் மட்டும் வாங்கி ஏற்கனவே உள்ள ஜெனரேட்டரோடு இணைப்பது சிக்கனமாக முடியலாம்.

குறைகளையும் மறைக்காமல் கூறுவோம். ஒரு யூனிட் சேமிக்கும் கணக்கில் பார்த்தால் சூப்பர் கப்பாசிட்டரின் விலை பாட்டரியைக் காட்டிலும் மிக அதிகம். நிரப்பி வைத்துவிட்டு நாட்கணக்கில் விட்டால் அதில் மின்சாரம் தானே வடிந்துவிடும். ஒரு கலத்தின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கும் குறைவாதலால் பலவற்றைத் தொடராக இணைத்துச் சமன் செய்ய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வெப்பம் இரண்டுக்குமே பகை. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையினர் கொள்ளும் பொதுக் கணக்கு. சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் இதனை வைப்பவர், பணத்தை அடுப்பில் வைப்பவராவார்.

நாம் கண்ட ஒரு பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். சரக்கறையின் மூலையில் சாக்கு போர்த்திய பாட்டரிகள் வரிசையாகக் கிடந்தன. இரண்டு கோடைகள்கூட முழுமையாகத் தாங்கவில்லை என்றார் காரியதரிசி. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். "பாட்டரி வாங்க அனுமதிக்கப்பட்டது" என்று ஒரே வரி. எவ்வளவு சுமைக்கு, எத்தனை நிமிடத்துக்கு, எந்த வெப்பத்தில் உத்தரவாதம், கெட்டால் யார் பொறுப்பு என்பவை ஒன்றும் இல்லை. விற்றவர் கொடுத்த தாளில், குளிர்ந்த அறையில் வைத்தால் மட்டுமே உத்தரவாதம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

இதில் நிர்வாகக் குழுவை மட்டும் குறை கூறிப் பயனில்லை. முந்தைய ஆய்வின்போது அந்த வவுச்சரைப் பார்த்துக் குறியிட்டவர்கள் நாமே. தொகை சரியா, கையொப்பம் உண்டா என்று பார்த்தோமேயன்றி, வாங்கிய பொருள் வேலைக்கு ஏற்றதா என்று கேட்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது, பணம் வீணாயிற்று. அந்தப் பணத்தில் தறி ஓட்டும் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்கும் இருந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சாக்குக் குவியலே.

செய்யத்தக்கவை

ஆதலின், சங்கங்கள் பின்வரும் முறையைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவதாக, மூன்று மாதங்களுக்கு ஒரு 'மின்தடை ஏடு' வையுங்கள். நாள், நேரம், எத்தனை வினாடி அல்லது நிமிடம், எத்தனை இயந்திரம் நின்றது, எவ்வளவு துணி கெட்டது, எத்தனை தொழிலாளர் எவ்வளவு நேரம் காத்திருந்தனர் ஆகிய இவ்வளவே போதும். இவ்வேட்டின்றி ஒரு ரூபாயும் செலவிடலாகாது.

இரண்டாவதாக, தளர்ந்த இணைப்பு, பழுதான எர்த், தேய்ந்த காண்டாக்டர் ஆகியவற்றை முதலில் சீர்செய்யுங்கள். நோயில் ஒரு பகுதி சொந்தக் கூடத்திலேயே இருப்பதுண்டு.

மூன்றாவதாக, வாங்கும் தீர்மானத்தில் கிலோவாட், யூனிட் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை முறை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை விற்பவரிடம் எழுத்து மூலம் பெறுங்கள். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஆயுள் முடிந்த பாட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அதனையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். தொழில்நுட்ப ஐயங்களுக்குக் கோயமுத்தூரில் 1956 முதல் பணியாற்றும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாம் 'சிட்ரா' போன்ற அமைப்புகளின் கருத்தைக் கேளுங்கள். விற்பவரையே ஆலோசகராகக் கொள்ளாதீர்கள்.

நான்காவதாக, தனித்தனியே வாங்காமல், ஒரே மின்பாதையில் உள்ள கூடங்கள் சேர்ந்து முதலில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளோட்டம் பாருங்கள். ஓராண்டுக் கணக்கைப் பொதுச்சபையில் வைத்த பின்னரே மற்ற இடங்களுக்கு விரிவாக்குங்கள். சேமநிதியில் கைவைக்க வேண்டா. அது கிணற்றின் அடிநீர்.

ஐந்தாவது, நம் மனத்துக்கு மிக நெருக்கமானது. இக்கருவியால் மிச்சமாகும் நேரத்தின் பயன், காத்திருந்து கூலியிழந்த பீஸ் ரேட் தொழிலாளிக்கும் சேர வேண்டும். மின்தடை ஏட்டில் அவருடைய காத்திருப்பையும் எழுதச் சொன்னது இதன் பொருட்டே. நட்டத்தைப் பகிர்ந்தவர்க்கு இலாபத்திலும் பங்கு உண்டு என்பதே கூட்டுறவு. இல்லாவிடில் அது வெறும் கொள்முதல்.

"இதெல்லாம் மின்வாரியம் செய்ய வேண்டிய வேலையன்றோ?" என்று சிலர் கேட்பர். பாதையைச் சீர்செய்யும் பொறுப்பு வாரியத்தினுடையதே. அதனை விடாமல் கேட்போம். மின்தடை ஏடு அதற்கும் சான்றாகும். வாய்மொழிப் புகாரைவிட மூன்று மாத ஏட்டின் நகல் வலிமையானது. ஆனால் திணறலை முற்றும் ஒழித்த மின்பாதை எந்த நாட்டிலும் இல்லை.

"ஜெனரேட்டர் போதாதோ?" என்பர் வேறு சிலர். ஜெனரேட்டர் விழித்தெழுவதற்குள் இயந்திரம் நின்றுவிடுகிறது. இரண்டு வினாடி நோய்க்கு அது மருந்தாகாது.

"நம்மால் கூட்டாக இதை நடத்த முடியுமா?" என்பதே மூன்றாவது ஐயம். 2006-இல் மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி, கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவி, மிகுந்த மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. கர்நாடகத்தின் ஹுக்கேரியில் 1969-இல் தோன்றிய கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் மின் வினியோகத்தையே நடத்திக் காட்டியது. திருப்பூரின் சாயப்பட்டறைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தவில்லையா?

அந்தச் சாயப்பட்டறைகளின் கதையிலேயே நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுக்கிடந்ததை எல்லோரும் கண்டோம். கீழ்ப்பகுதி விவசாயிகள் முறையிட்டனர். நாளை பார்ப்போம் என்று நாட்கள் கடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். தண்ணீர் விஷயத்தில் நாம் தள்ளப்பட்ட பின்பே நடந்தோம். மின்சார விஷயத்திலேனும் தாமாக நடப்போமாக.

இதற்கு இன்றே பெரும் பணம் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் போதும். அடுத்த ஆய்வுக்கு வரும்போது, ரொக்கப் புத்தகத்துக்கும் இருப்புப் புத்தகத்துக்கும் அருகில் மின்தடை ஏட்டையும் மேசைமேல் காண விரும்புகிறோம். இம்முறை தொகையையும் கையொப்பத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்.